மூன்று விரல் மேடு

என்னிடம் ஒரு வேலைச்சீட்டு இருக்கிறது. உள்ளங்கை அகல மஞ்சள் அட்டை. மேலே கம்பியில் குத்திய துளை, ஓரங்களில் தண்ணீர் ஊறிக் காய்ந்த பழுப்பு. தேதி 14-9-2011, புதன். கருப்பு மையில் மூன்று வரிகள். முதல் வரி: ‘கருப்பு வண்டி, வாத்தியார்.’ இரண்டாவது: ‘இடது பின் கதவு, சைக்கிள் கீறல்.’ மூன்றாவது: ‘பானெட்டைத் தொட வேண்டாம்.’ இந்த மூன்றாவது வரியின் மேல் மட்டும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நீல மையில் அடித்து ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது.

எழுத்து கார் மெருகுக் கடைக்காரருடையது என்பதில் சந்தேகமில்லை. அவர் கருப்புப் பேனாவைத் தவிர வேறெதையும் கடையில் வைத்திருந்ததில்லை. “நீலம் வெயில்ல வெளுத்துடும்” என்பார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. செம்மங்குப்பத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு திரிவார் என்பதால் ‘டார்ச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

நான் அப்போது கடலூர் பழைய டவுனில் குடியிருந்து, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகப் பட்டியல் போடும் வேலை பார்த்தேன். 20-6-2009 சனிக்கிழமை, அரை நாள் வேலை முடித்துத் திரும்பும்போது செம்மங்குப்பத்தில் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். டீக்கடையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதன் வாசலில் வெள்ளி நிறக் கார் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. உரிமையாளர் ஒரு டாக்டர். சாவியை வாங்கி, கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

“டாக்டர் சார், ஒரு நிமிஷம். போயிடாதீங்க.”

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, ஒல்லியான ஆள். டார்ச்சைப் பக்கவாட்டுக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார்.

“இங்க ஒரு மேடு இருக்கு. நான் உட்டுட்டேன்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா.”

“நேரா பாத்தா தெரியாது. இப்படிச் சாஞ்சு பாருங்க.”

டாக்டர் சாய்ந்தார். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். பிறகு அப்படியே நின்றுவிட்டார். கண்டுகொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“இத ஏன்யா எங்கிட்ட காட்டின?”

“இருக்கே சார்.”

சாவி மறுபடி டார்ச்சுக்காரர் கைக்குப் போயிற்று. டாக்டர் எங்களோடு வந்து அடுத்த பஸ்ஸுக்காக நின்றார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “அவன்கிட்ட வண்டிய உட்டா வண்டி பளபளன்னு ஆவும், மனுசன் மங்கிப் போவான்” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகளில் அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போவது வழக்கமாயிற்று. டார்ச்சுக்காரர் என்னை முதலில் ‘சார்’ என்றார். மூன்றாம் மாதத்திலிருந்து ‘மாமா’. உறவு ஏதும் இல்லை.

அவர் செய்த வேலையை அன்று கடலூரில் பலரும் கேள்விப்பட்டதில்லை. சிங்கப்பூரில் ஏழு வருடம் கார்களைத் துடைத்து மெருகேற்றும் கடையில் இருந்துவிட்டு 2008இல் ஊர் திரும்பியவர். அங்கிருந்து கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் புட்டிகளில் செராமிக் பூச்சைத் தருவித்தார். அதை அவர் ‘தண்ணி’ என்பார். காரின் பெயிண்ட் மேல் பூசினால் கண்ணாடி போல இறுகும். மழையும் சேறும் ஒட்டாது. சின்னப் பஞ்சுக் கட்டையில் துணியைச் சுற்றி, நாலு சொட்டு விட்டு, நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை தேய்க்க வேண்டும். சற்றுப் பொறுத்தால் மழைக்காலத்து ரோட்டில் சிந்திய டீசல் போல வானவில் நிறம் காட்டும். அந்த நேரம் பார்த்து மெத்தென்ற துணியால் துடைத்துவிட வேண்டும். முந்தினால் பூச்சு துணியோடு போய்விடும். பிந்தினால் இழுத்துக் கோடு விழும். துடைக்காமல் விட்ட இடம் அப்படியே இறுகி எண்ணெய்க் கறை போல நிற்கும். அதைத்தான் அவர் மேடு என்றார். கையால் தடவினால் தெரியாது, நேர் வெளிச்சத்திலும் தெரியாது.

கடலோரத்தில் காற்று ஈரமான நாளில் தண்ணி சீக்கிரம் இறுகும். “நாலு கதவு பூசினா நாப்பது சந்தேகம்” என்பார். ஒரு மணி நேரத்துக்குள் மேடு கண்ணில் பட்டால் அதே தண்ணியை அதன் மேல் மறுபடி தடவினால் பழையது இளகும், உடனே துடைத்துவிடலாம். மறுநாள் என்றால் மெருகுப் பசை வைத்துக் கையால் தேய்க்க வேண்டும். ஒரு வாரம் கடந்துவிட்டால் மிஷின்தான். மிஷின் வைத்தால் பூச்சோடு அடியில் இருக்கும் கம்பெனி வார்னிஷும் கொஞ்சம் போகும்.

“அது வண்டி பொறந்தப்ப குடுத்தது, மாமா. எடுக்கலாம். திரும்ப வைக்க முடியாது.”

இது தெரிந்தவர், தெரிந்தும் எடுக்காமல் இருக்கத் தெரியாதவர். நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: யார் கண்ணுக்கும் படாத ஒன்றை ஏன் நோண்ட வேண்டும்? ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

“நான் பாத்துட்டேனே. இனிமே அது இருக்கு.”

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிதம்பரத்தில் இருந்த அக்கா இடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். 2010 மாசியில் பண்ருட்டிப் பக்கம், திருவதிகையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். பெண் எப்படி என்று டீக்கடைக்காரர் விசாரித்தார்.

“பொண்ண சரியா பாக்கல மச்சான். நெலக் கதவுல வார்னிஷ் வழிஞ்சு அப்படியே காய வுட்டிருக்கான். சொட்டுச் சொட்டா நிக்குது.”

“அத அவுங்ககிட்ட சொன்னியா?”

“சொன்னேன். பொண்ணோட அப்பாதான் பூசினாராம்.”

“போச்சு. அடுத்த தடவ கண்ணக் கட்டிக்கிட்டுப் போடா.”

அந்த இடம் அமையவில்லை. அவர் அதற்காக வருந்தியது போலத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கதவைப் பற்றி ஆறு மாதம் கழித்தும் பேசினார்.

இனி வேலாயுதத்தைச் சொல்ல வேண்டும். என் வீட்டு மாடியில் குடியிருந்த கணக்கு வாத்தியார். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சோனாங்குப்பத்துக்காரர். அப்பா 2004 டிசம்பர் சுனாமியில் போனவர். அம்மா மீன் கூடையோடு பழைய டவுன் தெருக்களில் நடந்து மகனைப் படிக்க வைத்தவர். நாங்களே அவரிடம் மீன் வாங்கியிருக்கிறோம். அரிவாள்மனை பட்டு வலது நடுவிரலின் நுனியில் குறுக்கே ஆழமான வெட்டுத் தழும்பு உண்டு. சில்லறை தரும்போது அது கண்ணில் படும்.

2011 தொடக்கத்தில் வேலாயுதம் கார் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் முதல் கார். கருப்பு. செம்மங்குப்பத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பிப்ரவரி 9, 10 இரண்டு நாள் வேலை. பத்தாம் தேதி மாலை வண்டியை எடுக்கும்போது டார்ச்சுக்காரர் சொன்ன எச்சரிக்கையை நானும் கேட்டேன்.

“ஏழு நாளைக்கு வண்டி மேல எதுவும் படக் கூடாது வாத்தியாரே. தண்ணி கூட.”

“நாளைக்குக் கோயில்ல பூஜ போடணுமே. நாள் பாத்துட்டாங்க.”

“போடுங்க. மஞ்ச குங்குமத்தக் கண்ணாடில வைங்க. பானெட்ல மட்டும் வேணாம். இன்னும் பச்சையா இருக்கு அது.”

மறுநாள் வெள்ளிக்கிழமை குப்பத்து மாரியம்மன் கோயில் முன்னால் கார் நின்றது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். “கருப்பா வாங்கிட்டு வந்திருக்கான் பாரு, தார் டின்னாட்டம்” என்றாள் வேலாயுதத்தின் அத்தை. “கருப்புதான் கண்ணு படாது” என்று அவர் அம்மா பின்வரிசையிலிருந்து சொன்னார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தட்டு வந்தது. வேலாயுதம் தட்டை வாங்கிப் பின்வரிசைக்குப் போனார்.

“நீ வையிம்மா.”

“நான் தொடக் கூடாதுடா. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். நீ வைக்காத வண்டிய நான் ஓட்ட மாட்டேன்.”

ஆறு வருடமாகக் குங்குமம் தொடாத கை. அதைப் பிடித்து இழுத்து வந்து காரின் முன்னால் நிறுத்தினார். கண்ணாடியைக் காட்டி “இங்க” என்றார். அம்மா குள்ளம், எட்டவில்லை. கண்ணிலும் தண்ணீர். குழைத்த மஞ்சளை மூன்று விரலால் எடுத்து, கை எட்டிய இடத்தில், பானெட்டின் நடுவில் பட்டையாக இழுத்தார். கட்டைவிரலால் நடுவில் குங்குமம். அத்தை எதையோ முணுமுணுத்தாள். வேலாயுதத்துக்கும் எனக்கும் முந்தின நாள் எச்சரிக்கை நினைவிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் துணியை எடுத்து அதைத் துடைப்பது எங்கள் இருவராலும் முடிகிற காரியமல்ல.

மறுநாள் காலை துடைத்தபோது நிறம் போயிற்று, தடம் போகவில்லை. பச்சைப் பூச்சில் அழுந்தி இறுகிவிட்டது. நேரே பார்த்தால் வெறும் கருப்பு. சாய்ந்து பார்த்தால் மங்கலாக மூன்று கோடுகள். கிட்டே போனால் ரேகைகள் கூட. நடுக்கோட்டில் ஒரு முறிவு. அது வெட்டுத் தழும்பு.

அம்மா அதைப் பார்த்து வெட்கப்பட்டார். “புது வண்டிய பாழ் பண்ணிட்டனே” என்று பலமுறை சொன்னார்.

டார்ச்சுக்காரர் அதைப் பார்த்தது பத்து நாள் கழித்து. குனிந்து வெகுநேரம் வெளிச்சம் அடித்தார்.

“ரெண்டு நாள்ல வந்திருந்தா கையாலயே எடுத்திருப்பேன். இப்ப மிஷின் வைக்கணும். அரை நாள் உடுங்க, துட்டு வேணாம்.”

“அப்புறம் பாக்கலாம்” என்றார் வேலாயுதம். அந்த ‘அப்புறம்’ ஐந்து மாதம் நீண்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் டீக்குப் பதிலாக இந்தக் கேள்விதான் முதலில் வந்தது: “வாத்தியார் வண்டி எப்ப வரும்?” இரண்டு தடவை கடலூருக்கு வேறு வேலையாக வந்தவர் எங்கள் வாசலில் நின்று, மாடிக்குக் குரல் கொடுக்காமல், பானெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். என் மனைவிதான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். “யாருங்க அது, காருக்கு வைத்தியம் பாக்குற மாதிரி நிக்கிறாரு?” என்று கேட்டாள்.

19-7-2011 செவ்வாய்க்கிழமை வேலாயுதத்தின் அம்மா இறந்தார். காலையில் மீன் ஏலம் எடுக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவரைத் தனியாக எடுத்த புகைப்படம் ஒன்று கூட அந்த வீட்டில் இல்லை. குடும்ப அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம்தான் மாலை போடக் கிடைத்தது. முகம் பாதி நிழல்.

காரியங்கள் முடிந்த பின் ஒருநாள் காலை வேலாயுதம் கார் துடைப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பானெட்டின் நடுவில் ஒரு முழம் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தார். பிறகு தன் மூன்று விரலை அந்தக் கோடுகளுக்கு நேரே, படாமல், அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போகாமல் ஜன்னலை விட்டு விலகினேன்.

இப்போது என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். என் நாட்குறிப்பில் 23-7-2011 சனிக்கிழமைக்கு எதிரே இப்படி இருக்கிறது: ‘செம்மங்குப்பம். டீ. புழுக்கம். டார்ச்சு, வாத்தியார் வண்டி பற்றிக் கேட்டார். மேடு இன்னும் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன்.’ அவ்வளவுதான். நாலு நாள் முன்பு அந்த அம்மா இறந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. ஆகஸ்டில் இரண்டு சனிக்கிழமை, செப்டம்பரில் ஒன்று, அவற்றிலும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அவருக்கு அந்த அம்மாவைத் தெரியாது, மேட்டை மட்டும்தான் தெரியும் என்று எண்ணியிருந்தேன். ஊர்களின் வரலாறு, வழக்குகளின் வரலாறு என்று நிறையப் படித்தவன் நான். ஒருவர் சொல்லாமல் விட்ட ஒரு வரியால் என்னென்ன ஆகும் என்பதை அடிக்கோடிட்டு வைத்த பக்கங்கள் என் அலமாரியில் இருக்கின்றன.

செப்டம்பர் 14. பள்ளி வாசலில் யாரோ ஒரு பையனின் சைக்கிள் உரசிக் கதவில் கீறல். வேலாயுதம் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. காலையில் காரைச் செம்மங்குப்பத்தில் விட்டுவிட்டு அங்கேயே கடலூர் பஸ்ஸைப் பிடித்தார். டீக்கடைக்காரர் சொன்னது: “ரெண்டு பேரும் பானெட் பக்கம் நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. பஸ் ஆரன் அடிச்சுது. வாத்தியார் ஓடிப் போய் ஏறுனாரு.” என்ன பேசினார்கள் என்பது அவருக்குக் கேட்கவில்லை.

17ஆம் தேதி சனிக்கிழமை. சென்னையிலிருந்து நேரே வந்த வேலாயுதமும், சிதம்பரத்திலிருந்து வந்த நானும், சொல்லி வைத்ததுபோல ஒரே நேரத்தில் செம்மங்குப்பத்தில் இறங்கினோம். கார் கொட்டகைக்குள் நின்றது. டார்ச்சுக்காரர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“கதவ அப்புறம் பாருங்க வாத்தியாரே. மொதல்ல இங்க வாங்க.”

டார்ச்சை பானெட் மேல் சாய்த்தார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கருப்பு, கருப்பு மட்டும். எங்கள் மூன்று முகங்களும் அதில் தெரிந்தன.

“ஏழு மாசமா என்னை வதைச்சுக்கிட்டிருந்துச்சு. பாருங்க, ஒரு பொட்டு இல்ல. அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டுங்க. பாழ் பண்ணிட்டேன்னு மனசுல வச்சிருப்பாங்க இல்ல.”

வேலாயுதம் பானெட்டின் நடுவில் மூன்று விரலை வைத்தார். இப்போது நன்றாக அழுத்தியே வைத்தார்.

“அம்மா இல்லங்க” என்றார். “ஜூலையில போயிட்டாங்க.”

டார்ச் அணையவில்லை. அது வேறெங்கோ, தகரக் கூரையில் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வேலாயுதம் திட்டவில்லை. ‘தொடாதே என்று சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்தார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு கிளப்பிக்கொண்டு போனார். என்னை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார். திட்டாததை அன்று நான் பெருந்தன்மை என்று எழுதி வைத்தேன். இப்போது அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பதிலுக்கு எந்தச் சொல்லும் எழுதவில்லை.

“அடியில ஏதாவது மிச்சம் இருக்குமா?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்ல மாமா. நல்லா எடுத்துட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை போனபோது கொட்டகைக்குள் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிய கருப்பு பானெட் ஒன்று இரண்டு மர முக்காலிகள் மேல் கிடந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள், ஒரு காகிதத்தில் குங்குமம். வெளியே இரண்டு வண்டிகள் வேலைக்காக நின்றன. அவற்றைத் தொடவில்லை.

“அதே மாதிரி வச்சுக் குடுத்துடலாம்னு பாக்குறேன்.”



தண்ணி பூசி, ஒரு நாள் விட்டு மஞ்சள் தடவினார். அரை நாள் விட்டு ஒன்று. இரண்டு நாள் விட்டு ஒன்று. தன் விரலால் வைத்தார், கடற்கரைக் காற்றுக்குக் கதவைத் திறந்து வைத்தார், மூடி வைத்தார். அக்காவைச் சிதம்பரத்திலிருந்து வரவழைத்து அவள் விரலால் வைத்தார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, “என்னா ஆச்சு இவனுக்கு? ஊரெல்லாம் கறைய எடுக்குறவன், இவன் எங்கையப் புடிச்சுக் கறை வைக்கச் சொல்றான்” என்று கேட்டாள். அந்த பானெட்டில் வரிசை வரிசையாக மூன்று மூன்று கோடுகள். சில நன்றாகவே விழுந்திருந்தன. நான் அப்படிச் சொன்னேன்.

“இல்ல மாமா. இது கோடு. அது இழுத்தது இல்ல, நடுங்குனது. நடுவிரல் வர்ற எடத்துல ஒரு வெட்டு. வெட்டுக்கு மேல ரேக இடப்பக்கம் வளையும், கீழ வலப்பக்கம். மோதிர விரல் மத்ததவிட லேசா, பாதியில நின்னுடும்.”

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மகனுக்குத் தடம் இருந்தது தெரியும், என்னைப் போலவே. அதன் ஒவ்வொரு ரேகையையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் அதை அழித்தவர்தான். ஏழு மாதம் அதைப் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர்.

நவம்பர் 12 சனிக்கிழமை, கம்பியில் கோத்திருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவி, பின்புறம் பென்சிலால் வரைந்து என்னிடம் தந்தார். மூன்று கோடுகள், முறிவு, வளைவு எல்லாம் இருந்தன. “வாத்தியார்கிட்ட குடுங்க. நான் வர்றதுக்கு மூஞ்சி இல்ல.” அன்று மாலை மாடிக்குப் போய்க் கொடுத்தேன். மறுநாள் காலை வேலாயுதம் திருப்பித் தந்தார்.

“இது என்கிட்ட வேணாம்ணே. அவருகிட்டயே குடுத்துடுங்க.”

அடுத்த சனிக்கிழமை நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல் வாங்கிக் கம்பியில் குத்தினார். தேதிகளில் இவ்வளவு கவனம் உள்ளவன் நான். அந்தச் சீட்டு ஒரு வாரம் என் கையில் இருந்தது. பின்புறப் படத்தை எத்தனையோ முறை பார்த்தேன். முன்புறத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரில் கரையேறியது. ஜனவரி 2ஆம் தேதி திங்கட்கிழமை, விழுந்த மரங்களுக்கு நடுவே ஒரு மினி லாரியில் தொற்றிக்கொண்டு செம்மங்குப்பம் போனேன். கூரை இல்லை. கோடுகள் போட்ட பானெட் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது. சீட்டுகள் கோத்த கம்பி சுவர் ஆணியில் அப்படியே தொங்கியது. டீக்கடைக்காரர் தன் அடுப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “டார்ச்சு முந்தாநேத்தே அக்கா வூட்டுக்குப் போயிட்டான். ஒண்ணையும் எடுக்கல. அந்த லைட்டு கூட இங்கதான் கெடக்கு” என்றார். நான் அந்தச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காய வைக்கும்போதுதான் முன்புறத்தில் நீலக் கோட்டை முதன்முதலாகப் பார்த்தேன்.

டார்ச்சுக்காரர் கடையை மறுபடி திறக்கவில்லை. அந்த வருடம் முழுக்க மின்வெட்டு. மிஷின் ஓட்டும் தொழில் எதுவும் நடக்காத வருடம். வேலாயுதம் மே மாதம் காரை விற்றுவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு தென் மாவட்டத்துக்குப் போனார். போகும்போது அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். சாமான் ஏற்றும் ஆட்கள் நடுவில் வந்தார்கள். பிறகு அவர் தந்த விலாசத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

25-8-2012 சனிக்கிழமை சிதம்பரம் கீழ வீதியில் டார்ச்சுக்காரரைப் பார்த்தேன். ஒரு பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வர் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஒரு குடத்தின் கழுத்தில் நெளிவு. என் கண்ணுக்கே தெரிந்தது. அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேலே வைத்தார்.

சீட்டை எப்போதும் நாட்குறிப்புக்குள்தான் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

“இந்த நீலக் கோடு யாரு போட்டது?”

வாங்கினார். வெயில் படும்படி சாய்த்துப் பிடித்தார், பழைய பழக்கம். பேனா அழுந்திய பள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெகுநேரம் பார்த்தார். உதடு ஒரு தடவை அசைந்தது.

“வுடுங்க மாமா. இருந்துட்டுப் போவட்டும்.”

உள்ளேயிருந்து கடைக்காரர் கூப்பிட்டார். சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் கடையில் விசாரித்தபோது நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அக்காவும் வீடு மாறியிருந்தாள்.

வேலாயுதத்தின் சட்டைப் பையில் எப்போதும் நீலப் பேனா இருக்கும். செப்டம்பர் 14 காலை, பஸ் ஹாரன் அடிக்கும்போது, அவரே அந்த வரியை அடித்து ‘எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். தினமும் அதைச் சுற்றித் துடைப்பது தாங்காமல் போயிருக்கலாம். அப்படியென்றால் ஒரு மனிதர் தன் மேல் இல்லாத குற்றத்தை வாய் திறக்காமல் சுமந்தார். அல்லது நவம்பரில், சீட்டு மாடியில் இருந்த ஓர் இரவில், மன்னித்ததற்கு அடையாளமாக அதை அடித்திருக்கலாம். அப்படியென்றால் அந்த மன்னிப்பை வாங்கிப் போய், சொல்லாமல், கம்பியில் மாட்டிவிட்டு வந்தவன் நான். இந்த இரண்டும் இல்லாமல், டார்ச்சுக்காரரே வேறு யாருடைய பேனாவையோ வாங்கி அடித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கவும் கூடும்.

நீலக் கோட்டை இழுத்தவர் யார், எந்தத் தேதியில் என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.